மான்செஸ்டருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: பஞ்சு வந்த வழியே ஒரு நாள் நடை

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளியில் படித்துத்தான் நம்மில் பலருக்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் என்ற பெயரே அறிமுகம். அப்புறம் கால்பந்து. அதனாலோ என்னவோ, மான்செஸ்டர் போகிற நம்மவர்கள் மைதானத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கோவைக்குப் பெயர் கொடுத்த பஞ்சின் கதை அந்த ஊரின் தெருக்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரே நாளில் ஊர் பிடிபட்டுவிடும். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். எல்லாம் நடக்கும் தூரம்தான்.

படி 1: ஊருக்குள் வந்து சேருங்கள்

விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பிக்கடிலி நிலையத்துக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். டிராமும் உண்டு, ஆனால் சுற்றிக்கொண்டு போகும், நேரம் பிடிக்கும். பெட்டி படுக்கையோடு வருகிறவர்களுக்கு ரயில்தான் சரி. லண்டன் யூஸ்டனிலிருந்து வந்தாலும் இதே பிக்கடிலியில்தான் இறங்குவீர்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

படி 2: மஞ்சள் வண்டிகளைப் பழகிக்கொள்ளுங்கள்

டிராம், பேருந்து இரண்டுக்கும் ஒரே மஞ்சள் நிறம், 'பீ நெட்வொர்க்' என்ற ஒரே பெயர். பீ என்றால் தேனீ. 1842இல் ஊருக்குக் கிடைத்த சின்னத்திலேயே உழைப்பின் அடையாளமாகத் தேனீக்கள் இருந்தன. குப்பைத்தொட்டியில்கூட அதைப் பார்ப்பீர்கள்.

தொடாமல் காசு கட்டும் வங்கி அட்டையோ போனோ போதும். பேருந்தில் ஏறும்போது ஒரே ஒரு முறை காட்டினால் சரி. டிராமில் அப்படியல்ல. ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் கருவியில் காட்ட வேண்டும், இறங்கியதும் மறுபடி காட்ட வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் மறப்பார்கள். மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், நாள் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். மைய நகரத்துக்குள் கட்டணமில்லாத பேருந்துகளும் ஓடுகின்றன.

மழைக்குக் குடையைவிடத் தலைமூடி வைத்த மழைக்கோட்டு நல்லது. தூறல் வரும், போகும், மறுபடி வரும்.

படி 3: காசில்ஃபீல்டில் தொடங்குங்கள்

டீன்ஸ்கேட்-காசில்ஃபீல்ட் டிராம் நிறுத்தத்தில் இறங்கிக் கால்வாய்க் கரைக்குப் போங்கள். பிரிட்ஜ்வாட்டர் பிரபு தன் வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியைக் கொண்டுவர வெட்டிய கால்வாய் இது. 1761இல் படகுகள் ஓடத் தொடங்கியதும் ஊரில் கரி விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மலிவான கரி வந்ததால் நீராவி இயந்திரம், இயந்திரத்தால் ஆலை, ஆலைக்குப் பஞ்சு. செங்கல் கிடங்குகளும் இரும்புப் பாலங்களும் தலைக்கு மேல் நெருக்கியடித்து நிற்கும் அந்த இடத்தில் அவசரப்படாமல் கொஞ்சம் நில்லுங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் அறிவியல் தொழில் அருங்காட்சியகம்; நுழைவுக்கட்டணம் இல்லை. அதன் வளாகத்தில்தான் 1830இல் திறந்த லிவர்பூல் சாலை ரயில் நிலையம் இருக்கிறது. உலகில் எஞ்சியிருக்கும் பயணிகள் ரயில் நிலையங்களில் இதுவே மிகப் பழையது. பழுதுபார்ப்பு வேலை நடந்தால் உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்தாவது பாருங்கள். லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சு மூட்டைகள் இந்தத் தண்டவாளத்தில்தான் வந்தன. உள்ளே நெசவுக் கூடத்தில் பழைய இயந்திரங்களை ஓட்டிக் காட்டும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தறி போடும் இரைச்சலைக் கேட்டால், நூற்றுக்கணக்கான தறிகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்றவர்களின் காது என்னவாகியிருக்கும் என்று விளங்கும்.

படி 4: டீன்ஸ்கேட் தெருவில் நடங்கள்

ஜான் ரைலண்ட்ஸ் பஞ்சுத் துணியில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அவர் நினைவாக மனைவி என்ரிகேட்டா கட்டிய நூலகம் 1900இல் திறந்தது. வெளியே பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். யோவான் நற்செய்தியின் மிகப் பழைய துண்டு ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் பாப்பிரஸ் ஏடு, இங்கே இருக்கிறது. இதுவும் இலவசம், ஆனால் வாரம் முழுவதும் திறந்திருக்காது. கிளம்புமுன் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே லிங்கன் சதுக்கம். அமெரிக்க அதிபருக்கு இங்கே எதற்குச் சிலை? மான்செஸ்டர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கி வரத்து நின்றதும் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் வட்டாரம் முழுக்க ஆலைகள் மூடின, குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அந்த நிலையிலும் 1862இன் கடைசி நாளில் இவ்வூர்த் தொழிலாளர்கள் கூடி, அடிமை முறைக்கு எதிராக லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். அடுத்த மாதமே அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அதன் வரிகள் சிலையின் பீடத்தில் உள்ளன. நின்று படியுங்கள். இந்த நடையில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

படி 5: செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம்

1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டு இந்தப் பகுதியில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் படுகொலைக்குப் பீட்டர்லூ என்று பெயர். வட்டப் படிகளாக எழுப்பிய நினைவிடம் சற்றுத் தள்ளி இருக்கிறது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பாங்கர்ஸ்ட்டின் சிலை சதுக்கத்திலேயே உண்டு. எதிரே 1934இல் திறந்த வட்ட வடிவ மைய நூலகம். யாரும் உள்ளே போகலாம். மேல்மாடிப் படிப்பறைக்கு ஏறிப் பாருங்கள்.

படி 6: ராயல் எக்ஸ்சேஞ்ச், பிறகு பேராலயம்

ஒருகாலத்தில் உலகப் பஞ்சு வியாபாரம் பேசி முடிந்த கூடம் ராயல் எக்ஸ்சேஞ்ச். 1968இல் வியாபாரம் நின்றது. கடைசி நாளின் விலைகள் பலகையில் இன்றும் அப்படியே இருக்கின்றன. இப்போது கூடத்தின் நடுவே நாடக அரங்கு.

அங்கிருந்து பேராலயத்துக்குச் சில நிமிடங்கள்தான். வெளியே காந்தியின் வெண்கலச் சிலை நிற்கிறது, ராம் சுதார் வடித்தது, 2019இல் வைத்தார்கள். நம் நெசவாளர்களின் பிழைப்பைப் பறித்த துணி இந்த ஊரிலிருந்துதான் வந்தது. அதற்கு எதிராகத்தான் அவர் ராட்டை சுற்றினார். 1931இல் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களைப் பார்க்க டார்வென் ஊருக்குப் போனபோது, வேலையிழந்திருந்த அவர்களே அவரை அன்போடு வரவேற்றார்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

ஆக்ஸ்ஃபோர்ட் சாலைப் பேருந்தில் ஏறி மான்செஸ்டர் அருங்காட்சியகத்தின் தெற்காசியக் கூடத்தைப் பாருங்கள். அதே பேருந்தில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ரஷோமின் 'கறி மைல்'. பெயரை நம்பி இட்லி, தோசை எதிர்பார்க்காதீர்கள். பாகிஸ்தானிய, அரபு உணவுதான் அதிகம். சுட்ட இறைச்சியும் சூடான நானும் அருமையாக இருக்கும்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஓல்ட் டிராஃபோர்ட். 1990இல் டெண்டுல்கர் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்த மைதானம். 2025இல் நம் வாஷிங்டன் சுந்தரின் முதல் டெஸ்ட் சதமும் அங்கேதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கால்பந்து மைதானத்துக்கும் இதே பெயர். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடை. ஓல்ட் டிராஃபோர்ட் டிராம் நிறுத்தம் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது.