பயமும் கோபமும் ஒன்றல்ல: பயங்கரவாதப் பேச்சைக் கேட்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவைத் தாக்க விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி அரேபியர்கள். ஈராக்கியர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக்கணிப்பில், அந்தத் தாக்குதலில் ஈராக்கை ஆண்ட சதாம் உசேனுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று 69 சதவீத அமெரிக்கர்கள் சொன்னார்கள். மறுமாதமே, அதற்கு ஆதாரம் இல்லை என்று அதிபர் புஷ் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஈராக் போர் தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது.

இதைப் பார்த்து மக்களை ஏமாளிகள் என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். ஏறக்குறைய 3,000 பேரை இழந்த நாட்டின் பயம் உண்மையானது, கோபமும் நியாயமானது. அதை யார் எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

பயத்தையும் கோபத்தையும் ஒரே உணர்ச்சியாக எண்ணுவது அடுத்த தவறு. உளவியல் ஆய்வாளர் ஜெனிபர் லெர்னரின் குழுவினர் அந்தத் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்களிடம் ஆய்வு செய்தார்கள். பயந்தவர்களுக்கு ஆபத்து பெரிதாகத் தெரிந்தது, கோபப்பட்டவர்களுக்கோ சிறிதாகத் தெரிந்தது. போருக்கு ஆதரவு திரட்டும் பேச்சுக்கு இரண்டுமே வேண்டும். பயம் 'உடனே ஏதாவது செய்' என்கிறது. கோபம் 'செய்தால் ஜெயிப்போம்' என்று நம்பவைக்கிறது. 2002 அக்டோபர் 7 அன்று சின்சினாட்டியில் பேசிய புஷ், செப்டம்பர் 11, அந்தத் தாக்குதலை நடத்திய அல்கொய்தா அமைப்பு, சதாம் எல்லாவற்றையும் ஒரே உரையில் தொட்டு, அணுகுண்டின் காளான் மேகத்தையும் காட்டினார். ஒரு வாரத்துக்குள் நாடாளுமன்றம் போருக்கு அனுமதி தந்தது. ஆக, இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன என்பதற்காக அவற்றை இணைத்துவிடக் கூடாது. இடையில் ஆதாரம் என்று என்ன சொன்னார்கள் என்று திரும்பிப் படித்துப் பாருங்கள்.

கோபம் யார்மீது பாயும் என்று சொல்ல முடியாது. தாக்குதல் நடந்த நான்காம் நாள் அரிசோனாவில் தன் பெட்ரோல் பங்க் முன் நின்றிருந்த சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும்தான் அவர் செய்த குற்றம்.

அப்புறம், அவசரத்தில் தரும் அதிகாரம் தானாகத் திரும்பிவிடும் என்று நம்புவது இன்னொரு தவறு. 2001 செப்டம்பர் 14 அன்று ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த தீர்மானம் கீழவையில் 420-க்கு 1 என நிறைவேறியது. அதில் முடிவுத் தேதியே இல்லை. எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் பார்பரா லீக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த அனுமதி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.