பையனோட மேஜிக் டெக்குல லேண்டே வராத கதை

ராத்திரி சாப்பிட்டதும் நானும் பையனும் மேஜிக் தி கேதரிங்னு ஒரு கார்டு கேம் ஆடுவோம், அவனுக்கு டிராகன்னா உயிரு. அவனே கட்டின 60 கார்டு டெக்குல, மானாங்கிற சக்தியைக் குடுக்குற லேண்டு கார்டு வெறும் 17 தான், மிச்சத்துல பாதி டிராகன்! முதல் ஏழு கார்டு எடுத்தா ஒரு மவுண்டன் லேண்டு, கை நிறைய டிராகன், மானா இல்லாம ஒண்ணையும் இறக்க முடியாம முழிப்பான், அப்புறம் அழுகை. சரியா கலைக்கலையோன்னு மாத்தி மாத்தி கலைச்சுப் பார்த்தேன், ம்ஹூம். ஒருநாள் தரையில பரப்பி எண்ணினப்ப தான் லேண்டு கம்மின்னு உறைச்சுது. லேண்டை 24 ஆக்கினேன், டிராகன் ஆறே ஆறு, மிச்சம் ரெண்டு மூணு மானாவுல இறங்குற கோப்ளின்னு குட்டி பூதங்க. டிராகனை எடுக்க விடவே மாட்டேன்னுட்டான், ஐஸ்கிரீம் லஞ்சம் குடுத்து தான் முடிஞ்சுது. நேத்து என்னோட 20 லைஃபையும் காலி பண்ணிட்டு தான் தூங்கப் போனான்.