அணுமின் வாதத்தைப் பென்சிலோடு படிப்பது எப்படி?

அறிவியல் இதழ் ஒன்றில் 18 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஒற்றுப் பிழை தப்பினால் வாசகர் இரண்டு பேர் கடிதத்தில் வைவார்கள், அதோடு போகும். நான் தப்பவிட்டதிலேயே மோசமான பிழை இலக்கண சுத்தமான ஒரு வாக்கியத்தில் இருந்தது: "மூடப்படும் 1,000 மெகாவாட் அணு உலைக்கு ஈடாக 1,000 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைகிறது." அச்சாகி வந்த பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து எரிசக்திக் கட்டுரை என்றால் அகராதிக்கு முன்னால் பென்சிலை எடுக்கிறேன். எழுதியவர் அணுமின்சாரத்துக்கு ஆதரவாளரா எதிர்ப்பாளரா என்று பார்ப்பதில்லை. இரு தரப்புக்கும் ஒரே முறைதான்.

முதலில் "மெகாவாட்" வரும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். அது நிறுவு திறன். முழு மூச்சில் ஓடினால் எவ்வளவு தரும் என்று சொல்லும். ஆண்டு முழுக்க எவ்வளவு தந்தது என்று சொல்லாது. ஓரத்தில் நான் போடும் கணக்கு இது: ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 1,000 மெகாவாட் என்பது 10 லட்சம் கிலோவாட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நன்றாக நடக்கும் உலை 90 சதவீதம் தந்தால் ஆண்டுக்கு 788 கோடி யூனிட். இரவும் மேகமும் போகச் சூரியத் தகடு 20 சதவீதம் தந்தால் 175 கோடி யூனிட். சமன் செய்ய 4,500 மெகாவாட் தகடு வேண்டும். அப்போதும் இரவுக்கு வேறு ஏற்பாடு தேவை. உடனே சூரியன் தோற்றது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த 90 சதவீதத்துக்கும் யாரும் உத்தரவாதம் தரவில்லை. 2022இல் பிரான்ஸின் உலைகள் பலவற்றில் குழாய் அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. கோடையில் உலையைக் குளிர்விக்கும் ஆற்று நீரும் சூடானது. அந்த ஆண்டின் அணுமின் உற்பத்தி, அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குச் சரிந்தது.

அடுத்து, "சதவீதம்" என்று வந்தால் எதில் சதவீதம் என்று கேளுங்கள். உலக மின்சாரத்தில் அணுவின் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம். ஆனால் மனிதர்கள் பயன்படுத்தும் மொத்த எரிசக்தியில் மின்சாரமே ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் வண்டிகளிலும் சூளைகளிலும் அடுப்புகளிலும் எரிகிறது. தலைப்பில் "எரிசக்தி" என்று போட்டுவிட்டு உள்ளே மின்சாரக் கணக்கைத் தரும் கட்டுரைகள் எனக்கு மாதம் ஒன்றாவது வருகின்றன.

மூன்றாவது, ஏகாரம். "அணுமின்சாரம் கரியமில வாயுவே வெளியிடாது" என்ற வரியில் அந்த "வே"யை அடியுங்கள். யுரேனியத்தைத் தோண்ட வேண்டும், செறிவூட்ட வேண்டும், மலை மலையாகக் கான்கிரீட் ஊற்ற வேண்டும். இவற்றையும் சேர்த்து, காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2014இல் தந்த நடுமதிப்பு யூனிட்டுக்கு 12 கிராம். அதே பட்டியலில் நிலத்துக் காற்றாலைக்கு 11, பெரிய சூரிய நிலையத்துக்கு 48, எரிவாயுவுக்கு 490, நிலக்கரிக்கு 820. தகடு தயாரிப்பு மேம்பட்டதால் சூரிய எண் பிறகு குறைந்துவிட்டது. பழைய 48ஐ இன்றைய எண்ணைப் போலக் காட்டினால் பக்கத்தில் ஆண்டைக் குறித்துவிடுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் காலக்கணக்கு. உலை ஒன்றின் பெயர் வந்தால் வேலை தொடங்கிய ஆண்டையும் மின்சாரம் தரத் தொடங்கிய ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலை 2005இல் தொடங்கியது, 2009இல் முடிய வேண்டியது, முறையான உற்பத்திக்கு வந்தது 2023இல். பிரான்ஸின் ஃபிளமான்வில் மூன்றாம் உலைக்கு 2007 முதல் 2024 வரை ஆனது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் முதல் உலை 2012இல் தொடங்கி 2020இல் மின்கட்டமைப்பில் சேர்ந்தது. எதிர்ப்பாளர் பின்லாந்தோடு வருவார், ஆதரவாளர் பராக்காவோடு வருவார். மூன்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "ஓடும் உலை", வலப்பக்கம் "கட்டப்போகும் உலை". விவாதத்தில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் கலப்பதால் வருகிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று மூடியது. அப்போதும் அங்கே நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. கான்கிரீட் ஊற்றி, அதற்கான கரியமில வாயுவும் ஏற்கெனவே வெளியேறிவிட்ட உலையை முன்கூட்டி மூடுவது எனக்கு உடன்பாடில்லை. புதிய உலையா, அங்கே காலதாமதம் என்ற வாதத்துக்கு எடை அதிகம் என்றே நினைக்கிறேன். ஒருவரே இரண்டையும் சொல்லலாம், முரண்பாடு இல்லை. 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் 20க்கும் மேற்பட்ட நாடுகள் 2050க்குள் அணுமின் திறனை மூன்று மடங்காக்குவதாக அறிவித்தன. அது எந்தப் பக்கம்? வலப்பக்கம்; இன்னும் பெரும்பாலும் காகிதத்தில்.

விபத்து எண்களுக்கு எல்லை கேளுங்கள். செர்னோபில் அணு உலை விபத்தின் சாவு எண்ணிக்கை 31 என்றும் வரும், 4,000 என்றும் வரும். முன்னது 1986இல் உடனடியாகவும் அடுத்த சில மாதங்களிலும் இறந்தவர்கள். பின்னது அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடையே காலப்போக்கில் நேரக்கூடிய சாவுகள் என்று ஐ.நா. அமைப்புகள் 2005இல் சொன்ன மதிப்பீடு. ஐரோப்பா முழுவதையும் கணக்கில் எடுத்தவர்களின் எண் இன்னும் பெரியது.

கழிவு பற்றிய பத்தியில் "புளூட்டோனியம் 24,000 ஆண்டில் தீர்ந்துவிடும்" என்று இருந்தால் அடித்துவிடுங்கள். புளூட்டோனியம் 239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டு. அது கழிந்த பிறகும் பாதி மிச்சமிருக்கும்.

நான் தப்பவிட்ட வரியை இன்று கொடுத்தால் இப்படித் திருத்துவேன்: "மூடப்படும் உலை ஆண்டுக்குத் தந்த ஏறத்தாழ 788 கோடி யூனிட்டில் 175 கோடியைப் புதிய சூரிய மின் நிலையம் பகலில் தரும், மீதி 613 கோடி எங்கிருந்து வரும் என்பது அறிவிக்கப்படவில்லை." வாக்கியம் நீளம் என்று ஆசிரியர் நிச்சயம் முணுமுணுப்பார்.