புது விதி வருகிறதாம் என்று அவசரப்பட்டால்

2024 மே 6-ஆம் தேதி ஜார்ஜ் நகரில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி சரிந்து 34 பேர் இறந்தார்கள். அதிலிருந்து தென்னாப்பிரிக்காவில் கட்டட விதிகளைத் திருத்தும் பேச்சு ஓயவில்லை. 1977-ஆம் ஆண்டின் கட்டட விதிமுறைச் சட்டத்தை வர்த்தகத் துறையிடமிருந்து எடுத்துப் பொதுப்பணித் துறையிடம் கொடுப்பதும் அதில் ஒன்று. டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பக்கம் அதே பேச்சு, "கெடுபிடி வருவதற்குள் பின்பக்கம் ஒரு அறை போட்டுடலாம் அண்ணே" என்று வந்து நிற்கிறது.

பெரிய தவறு இதுதான். புது விதி இன்னும் சட்டமாகவில்லை, சரி. பழைய சட்டம் எங்கே போனது? அதன் 4-ஆம் பிரிவுப்படி நகராட்சியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கட்டவே கூடாது. அபராதம் நாளுக்கு 100 ரேண்ட் வரைதான், வாடகையில் ஈடுகட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் 21-ஆம் பிரிவு வரை படிப்பதில்லை. நகராட்சி கேட்டால், கட்டியதை இடிக்கவே நீதிமன்றம் உத்தரவிடலாம். 2013 நவம்பரில் டர்பன் அருகே டொங்காட்டில் இடிந்து விழுந்து இருவரைப் பலிகொண்ட வணிக வளாகத்துக்கும் பிளான் பாஸ் ஆகியிருக்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்றத் தடை இருந்தும் கட்டினார்கள்.

துறை மாறினால் கவுன்சிலுக்கு அலைய வேண்டியதில்லை என்று நினைப்பதும் வீண். பிளானைப் பார்ப்பது நகராட்சிதான். 500 சதுர மீட்டருக்குக் குறைவென்றால் 30 நாளில், அதற்கு மேல் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். நம்மவர்களோ நாள் பார்த்து மனைபூசை முடித்துவிட்டு, அப்புறம்தான் பிளான் வரைபவரைத் தேடுகிறார்கள்! பாஸ் ஆன பிளானைப் பணம் சேரட்டும் என்று அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. 12 மாதத்தில் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்கியிருந்தாலொழிய, அந்த ஒப்புதல் காலாவதி.

கார் ஷெட் போன்ற சின்ன வேலைக்குப் பிளான் சமர்ப்பிப்பதிலிருந்து விலக்கு கிடைக்கலாம். அதையும் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரி எழுதித் தர வேண்டும், வாய்வார்த்தை போதாது.

புது விதியின் வரைவு வெளியானதும் வாட்ஸ்அப்பில் வரும் "எதிர்க்கிறோம்" கடிதத்தை அப்படியே அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதற்காக வரைவின்மேல் மக்களிடம் நடத்தும் கருத்துக் கேட்பையே வெறும் சடங்கென்று ஒதுக்கவும் வேண்டாம். மக்களைச் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காகவே 2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு சுகாதாரச் சட்டங்களைச் செல்லாதென்றது. எந்தப் பிரிவு, உங்கள் வீட்டுக்கு அதனால் என்ன செலவு, பதிலாக எப்படி எழுதலாம் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். கருத்து அனுப்பக் கடைசித் தேதி அரசு கெசட் அறிவிப்பிலேயே இருக்கும்.