பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கும்போது: மூடியை விடுங்கள், ஊசியைப் பாருங்கள்

போன மாதம் மூர் மார்க்கெட்டில் ஒரு தம்பி எச்.எம்.வி. ஃபியஸ்டா ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மூடியில் கீறல், கைப்பிடி ஆட்டம் என்று சொல்லிச் சொல்லி விலையைக் குறைத்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் ஊசியை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். தட்டு சுற்றுகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்பதை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். பலரும் தவறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஊசியைப் பார்க்காமல் வாங்குவது

பழைய பெட்டிகள் பலவற்றில் ஊசிப் பக்கத்தில் ஒரு குட்டிப் பிடி இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுக்கான ஊசி, மறுபக்கம் 33, 45 தட்டுகளுக்கான ஊசி. 78-க்கான முனை கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமன். அதை எல்.பி. என்னும் 33 சுற்றுப் பெரிய தட்டில் வைத்தால் பள்ளத்துக்குள் இறங்காது. விளிம்பைத் தேய்த்துக்கொண்டே போகும். சரியான பக்கத்தில் இருந்தாலும் முனை தேய்ந்திருந்தால் அதே கதிதான். சஃபையர் முனை சில பத்து மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும். வைர முனை பல நூறு மணி நேரம் தாங்கும். விற்பவருக்கே எது இருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது.

எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? வாங்கிவந்த அன்றே அம்மாவின் பழைய சினிமாப் பாட்டு ஈ.பி. என்னும் 45 சுற்றுச் சின்னத் தட்டைப் போட்டேன். கரகரவென்றது. பழைய தட்டு, அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு மாதம் தினமும் கேட்டேன். பிறகு மோட்டார் பார்க்க வந்த மெக்கானிக் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஊசி இல்ல சார், உளி” என்றார். புது ஊசிக்கு ஆனது சில நூறு ரூபாய். மாட்டியபின் மற்ற தட்டுகள் கண்ணாடி மாதிரி பாடின. அம்மாவின் தட்டு மட்டும், பாடகி மேலே போகும் இடத்திலெல்லாம், ‘ச’ வரும் இடத்திலெல்லாம் இன்றும் கிழிகிறது. செதுக்கிய பள்ளத்தை எந்த மெக்கானிக்காலும் நிரப்ப முடியாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகவே விலை பேசுவதற்கு முன் கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசி மாட்டியிருக்கும் குட்டிப் பாகத்தை, போனில் படம் எடுத்து, அதற்கு ஊசி இன்றும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் நகருங்கள். கிடைத்தால் அந்த விலையைக் கழித்துப் பேசுங்கள். புது ஊசி வரும்வரை நல்ல தட்டு எதையும் அதன்கீழ் வைக்காதீர்கள்.

குத்துப்பாட்டு போட்டுச் சோதிப்பது

தாளம் பலமாக இருந்தால் வேகக் கோளாறு காதில் விழாது. வீணையோ நாகஸ்வரமோ உள்ள தட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். தேய்ந்தாலும் கவலை இல்லாத தட்டாக இருக்கட்டும். ஒரே ஸ்வரம் நீண்டு நிற்கும் கார்வையில் சுருதி நெளிந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ இறுகிப்போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ரப்பரை மாற்றலாம், அதற்கும் விலையில் இடம் விடுங்கள்.

அமெரிக்கப் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று நம்புவது

டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்து ஓடும் ஏ.சி. மோட்டார் என்றால், 33⅓ சுற்று வரவேண்டிய இடத்தில் 28கூட வராது. எந்தப் பாடகியும் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். பெட்டியின் பின்பக்கம் ஒட்டிய சீட்டில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால், 50-க்கான மோட்டார் கப்பி கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கவேண்டும். டி.சி. மோட்டார் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சத்தம் குறைவு என்று திருப்பிக் கொடுப்பது

மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கித் தரும் போனோ பிரீ-ஆம்ப் என்ற கருவி வேண்டும். பெட்டி மேல் குற்றமில்லை.

பித்தளைக் குழல் வைத்த பளபள கிராமபோன்

ஷோகேஸுக்கு வாங்குங்கள். கேட்பதற்கு வேண்டாம்.

ஊசி தாங்கும் கையைக் கட்டாமல் பெட்டியை ஆட்டோவில் ஏற்றுவது

தட்டு மேடையைக் கழற்றித் தனியாக, ஊசிக்கு மூடி, கைக்கு ஒரு நூல். வேகத்தடைக்கு முன்பே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.