‘சிஸ்டர் கேரி’ கட்டுரை: பணக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

தியோடர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’ நாவலில் வர்க்கமும் தனிமனிதவாதமும் பற்றி எழுதச் சொன்னால், பலர் ‘அமெரிக்கக் கனவு’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கத்தை வீணடிப்பார்கள். அதை விட்டுவிட்டு, டாலர் தொகை வரும் இடங்களையெல்லாம் அத்தியாய எண்ணோடு ஒரு தாளில் குறித்தபடி படியுங்கள்.

பதிப்பை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 1900 பதிப்பு ஆடும் நாற்காலியில் நாயகி கேரி அமர்ந்திருப்பதோடு முடிகிறது. வெட்டிய பகுதிகளைச் சேர்த்து 1981இல் வந்த பென்சில்வேனியா பதிப்போ, கேரியோடு நியூயார்க்குக்கு ஓடிவரும் ஹர்ஸ்ட்வுட்டின் தற்கொலையோடு முடிகிறது.

1889 ஆகஸ்டில் சிகாகோவுக்கு ரயிலேறும் கேரியிடம் இருப்பது 4 டாலர். ஷூ தொழிற்சாலையில் வாரக்கூலி நாலரை டாலர். அதில் 4 டாலர் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் போய்விடும். மிச்சம் 50 சென்ட். குளிர்காலத் துணிக்கு வழியில்லை, காய்ச்சலில் வேலையும் போகிறது. அப்போதுதான் ரயிலில் பழக்கமான விற்பனைப் பிரதிநிதி ட்ரூவே இரண்டு 10 டாலர் நோட்டுகளை நீட்டுகிறான். ‘ஆசையில் வழுக்கினாள்’ என்று இங்கே எழுதுபவர்கள் அந்த 50 சென்ட்டை மறந்துவிடுகிறார்கள். ஆசையே இல்லை என்பதும் தப்புதான். நோட்டின் பச்சை நிறத்தைக்கூட டிரைசர் ரசித்துத்தான் சொல்கிறார்.

நியூயார்க் மேடையில் வாரம் 12 டாலரில் தொடங்கி 150க்கு ஏறுகிறாள். ‘உழைத்தால் உயரலாம்’ என்று முடித்துவிடாதீர்கள். முதுகு ஒடிய உழைத்தது தொழிற்சாலையில். மேடையில் தூக்கிவிட்டது, வசனமே இல்லாத வேடத்தில் அவள் முகம் சுளித்தது.

அதிக நேரம் செலவிட வேண்டியது இரும்புப் பெட்டிக் காட்சியில். மதுக்கூட மேலாளர் ஹர்ஸ்ட்வுட் குடித்திருக்கிறான். முதலாளியின் பெட்டி பூட்டாமல் கிடக்கிறது, உள்ளே 10,000 டாலருக்கு மேல். எடுக்கிறான், திரும்ப வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். பணம் கையில் இருக்கும்போதே பூட்டு விழுந்துவிடுகிறது. இந்தப் பத்திகளின் வினைச்சொற்களை ‘அவன் செய்தது’, ‘அவனுக்கு நேர்ந்தது’ என்று இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதுங்கள். தன் விதியைத் தானே எழுதும் தனிமனிதன் என்ற நம்பிக்கை எங்கே ஆட்டம் காண்கிறது என்பது அதிலேயே தெரியும். உங்கள் வாதத்தை அங்கிருந்து கட்டுங்கள்.

கடைசியில் இரண்டு 20 டாலர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ட்ரூவே தந்தது ஒன்று, ஹர்ஸ்ட்வுட்டை விட்டுப் போகும்போது கேரி கடிதத்தோடு வைப்பது மற்றொன்று. புரூக்ளின் டிராம் வேலைநிறுத்த அத்தியாயத்தையும் தாண்டிப் போகாதீர்கள். வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் மனம் சாய்ந்தும், ஹர்ஸ்ட்வுட் அவர்கள் இடத்தில் வண்டி ஓட்டப் போகிறான்.