கரண்ட் போகிற நாள்தான் நமக்கு ஸ்டூடியோ

சேலத்தில் இருந்துகொண்டே சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடி வெளியிட முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் முதல் தொல்லை தறிச் சத்தம். அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் ராத்திரிகூட அது ஓயாது.

அதற்குப் பயந்து ஒருமுறை பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஓரமாக அறை எடுத்துப் பாடினேன். கீழே வந்து ஹெட்போனில் கேட்டால் பாட்டு முழுக்கச் சில்வண்டு. வாடகை போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் புத்தி வந்தது. பராமரிப்புக்காக மாதத்தில் ஒருநாள் பகலில் மின்சாரத்தை நிறுத்துவார்களே, முன்கூட்டியே பேப்பரில்கூட வரும், அந்த நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தறி நிற்கும், ஃபேன் நிற்கும், பக்கத்து வீட்டு டிவியும் நிற்கும். லேப்டாப்பில் முழுச் சார்ஜ் இருந்தால் போதும், மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற, யூஎஸ்பியில் ஓடுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியே கன்டென்சர் வகை மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் கொடுத்துவிடும். எதிரொலியை அடக்கக் கம்பளியை மைக்குக்குப் பின்னால் கட்டாமல் உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், ஏனென்றால் மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான். வியர்த்துக் கொட்டும், வேறு வழியில்லை.

சரி, பாட்டு தயார். இனி யாராவது "நாங்களே செலவு செய்து வீடியோ எடுக்கிறோம், இதில் கையெழுத்துப் போடுங்க தம்பி" என்று வருவார்கள். நானும் டீக்கடையில் நின்றபடியே படிக்காமல் போட்டவன்தான், என் முதல் பாட்டின் ஒலிப்பதிவு இன்றைக்கு என்னுடையது இல்லை. ஒரு பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது. பொதுவாக, பதிவுக்குப் பணம் போட்டவருக்கு ஒலிப்பதிவு போகும். வரி, மெட்டு இரண்டின் உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டாலும், 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அவற்றுக்கு வருகிற ராயல்டியில் உங்கள் பாதியை விட்டுக்கொடுத்ததாக யாரும் எழுதி வாங்க முடியாது. அதை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று இரண்டு பெயரிலும் பதியுங்கள், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களுக்கு டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது நம் பாட்டை அங்கே ஏற்றித் தருகிற நிறுவனம், அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமான ஐஎஸ்ஆர்சி என்கிற 12 எழுத்து எண்ணையும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள், டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினாலும் அதே எண்தான்.

ஆடித் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள், கோபப்படாதீர்கள். இரண்டு சினிமாப் பாட்டு பாடிவிட்டு மூன்றாவதாக உங்களுடையதைச் செருகுங்கள். பிடிக்கவில்லை என்றால் கூட்டம் தட்டுவடை செட் வண்டிப் பக்கம் நகரும், மேடையிலிருந்தே தெரியும். என் பாட்டில் இரண்டாவது சரணத்தில்தான் நகர்ந்தார்கள். அந்தச் சரணத்தையே எடுத்துவிட்டேன்.